மோனிகாவின் ஆழ்நிலை

சிதம்பரம்
பிப்ரவரி 17

அன்பு மாமாவுக்கு,

மோனி எழுதறேன். நல்லபடியா வந்து சேர்ந்து, சோறு தண்ணி ஒத்துக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன். நீங்க, மதிக்குட்டி, அண்ணி மூணு பேரும் நல்லா இருக்கணும்னு எழுந்ததும் நெனச்சிக்கறேன்.

லெட்டரப் பாத்து பயந்துடாதீங்க. வந்த அன்னிக்கே இந்தக் கோச்சிங் சென்டர்ல எங்க ஃபோனையெல்லாம் வாங்கி, பேரெழுதி ஒட்டி, வார்டன் ரூம் பீரோவுல வச்சிப் பூட்டிட்டாங்க. பரிட்சை முடிஞ்சாத்தான் கைக்கு வரும். உசுரு போற அவசரம்னா ஆபீஸ் நம்பருக்குப் பேசலாமாம். மத்தபடி லெட்டர்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு பஸ் தூரம். அதுக்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதறேன்னு நெனச்சா எனக்கே சிரிப்பா வருது.

ரூம்ல கூட இருக்கறது தமிழ்ச்செல்வி. குமராட்சிப் பக்கம். கொள்ளிடத்துல தண்ணி வந்தா அவுங்க வூட்டுக்குள்ள மொழங்கால் அளவு நிக்குமாம். நல்ல பொண்ணு, தூங்கறப்பகூட பொது அறிவு சொல்லுது.

போன தடவை கவர்மென்ட் வேலை பரிட்சையில என்ன ஆச்சின்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கட் ஆஃப்ல போச்சின்னுதான் அண்ணிகிட்ட சொன்னோம். தாளைக் கையில வாங்கினதும் எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா படிக்க வரல. கை வேர்த்து பேனா வழுக்குது. பாதி வட்டத்தை ஷேட் பண்ணாமயே குடுத்துட்டு வந்தேன். படிக்காம போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் மாமா. எல்லாம் தெரிஞ்சும் எழுதாம வந்தேன்.

இதுதான் கடைசின்னு அண்ணிகிட்ட வாக்கு குடுத்துட்டு வந்திருக்கேன். அதுவரைக்கும் நம்ம புள்ள மதியப் பாத்துக்கறேன்னு அவுங்க சொன்னதே பெருசு. இதுலயும் போச்சின்னா புக்கையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு எறா கம்பெனிக்கு உரிக்கப் போறேன்னு நானே என் வாயால சொல்லிட்டேன்.

அடுத்த வாரத்துலேருந்து ஒரு வகுப்பு இருக்கு. வைத்திலிங்கம்னு ஒரு சார், ஹிப்னாடிசம் பண்ணி பரிட்சை பயத்தை எடுத்துடுவாராம். எனக்குன்னே வச்ச வகுப்பு மாதிரி இருக்கு.

மதிக்கு நகம் வெட்டி விடுங்க.

மோனிகா


கடலூர்
பிப்ரவரி 26

மோனிக்கு பாண்டியன் எழுதிக்கிறது. இங்க ஒருத்தருக்கும் ஒரு கொறையும் இல்ல. ஒன் ஒடம்பப் பாத்துக்க. இப்படித்தான ஆரம்பிக்கணும்? பள்ளிக்கூடத்துல லீவ் லெட்டரு எழுதுனதுக்கு அப்புறம் நான் எழுதுற மொத லெட்டரு இது. ஒன் அண்ணி, எங்க ரேகா அக்காகிட்ட கேட்டுக் கேட்டு எழுதறேன்.

ஹிப்னாடிசம்னா இன்னா? வசியம்தான? இங்கிலீஷ்ல சொன்னா அது வசியம் இல்லன்னு ஆயிடுமா? ஹார்பர்ல எங்கூட வேல செய்யறவன் ஒருத்தன், பஸ் ஸ்டாண்டுல எவனோ கண்ணப் பாத்துப் பேசுனான்னு கழுத்துச் செயினக் கழட்டிக் குடுத்துட்டு வந்தான். வூட்டுக்கு வந்து சோறு சாப்புட்டப்புறந்தான் அவனுக்கே தெரிஞ்சிச்சி. படிச்ச புள்ளைங்கள உக்கார வச்சி ஒரு ஆம்பள கண்ணைக் கட்டறானாம், அதுக்கு ஒரு வகுப்பாம். எனக்கு மூக்கு மேல கோவம் வருது.

நீ படிக்கப் போயிருக்க, படி. அந்தாளு கண்ண மட்டும் பாக்காத. கண்ணாடி போட்டிருந்தாலும் பாக்காத.

கோவமா எழுதறேன்னு நெனைக்காத. நீ இல்லாம வூடு வூடாவே இல்ல. எஞ்சின் சத்தத்துல நாளெல்லாம் கெடந்துட்டு வந்து படுத்தா இந்த அமைதிதான் தூங்க விடமாட்டேங்குது.

கீழ இருக்கற கிறுக்கல் மதி போட்டது. பேனாவப் புடுங்கிக்கிட்டா. அது நீதானாம். தல எங்கன்னு கேட்டா ரெண்டு எடத்தக் காட்டுறா.

பாண்டியன்


சிதம்பரம்
மார்ச் 12

அன்புள்ள மாமா,

நீங்க வந்து போன அலுப்பு தீந்துச்சா? பஸ்ல உக்கார எடம் கெடச்சிச்சா? மதி வழியில வாந்தி எடுக்கலையே?

மனசுல இருக்கறதை மொதல்ல எழுதிடறேன். இனிமே அவளைக் கூட்டிக்கிட்டு வராதீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க கெளம்பறப்ப என் துப்பட்டாவைப் புடிச்சிக்கிட்டு அப்படி அழுதாளே, அதுக்கப்புறம் புக்கைத் திறந்தா அவ மூஞ்சிதான் தெரியுது. நீங்க மட்டும் தனியா வந்தாலும் அவ எங்கன்னு கண்ணு தேடும். யாருமே வர வேண்டாம். என்னைக் கல்நெஞ்சக்காரின்னு நெனச்சாலும் நெனச்சிக்கங்க. நெனச்சிக்கிட்டு லெட்டர் மட்டும் போடுங்க.

நீங்க பயப்படற மாதிரி வைத்திலிங்கம் சார் ஒண்ணும் மந்திரவாதி இல்ல. ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். நெத்தி நெறைய விபூதி, சட்டைப் பையில ரெண்டு பேனா. அவர் கண்ணைப் பாக்கவே வேண்டாம். செவுத்துல ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கார், அதையே பாத்துக்கிட்டு மூச்சை மெதுவா விடணும். கண்ணு சொக்கினா மூடிக்கலாம். பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் அவர் எண்ணுவார், நாம மனசுக்குள்ள படி எறங்கணும். எறங்க எறங்க கையும் காலும் கனக்கும்பார். கீழப் படியில பரிட்சை ஹால் இருக்கும். நாம போயி நம்ம எடத்துல நிம்மதியா உக்காந்து எழுதற மாதிரி நெனச்சிப் பாக்கணும். "நீ படித்தது எல்லாம் உனக்குள் இருக்கிறது, கேட்டால் வரும்"னு அப்ப சொல்லுவார். இதுக்கு ஆழ்நிலைன்னு பேரு.

மொத நாள் எங்க மனசு எவ்வளவு கேக்குதுன்னு பாக்க எலுமிச்சம்பழம் வச்சி ஒரு சோதனை. நெஜப் பழம் இல்ல, நெனப்புலதான். பழத்தை அறுக்கற மாதிரி, நாக்குல புழியற மாதிரி நெனைக்கச் சொன்னார். எச்சில் ஊறினவங்க கையத் தூக்குங்கன்னார். எல்லாரும் தூக்கினாங்க. நானும் தூக்கினேன். தமிழ்ச்செல்வி நாலாவது படியிலேயே குறட்டை விட்டுட்டா. "பாருங்க, எவ்வளவு ஆழம்"னு சார் சந்தோஷப்பட்டார்.

அண்ணிக்கு முட்டி வலி எப்படி இருக்கு? தைலம் தேய்ச்சி விடச் சொல்லுங்க.

மோனிகா


கடலூர்
மார்ச் 25

மோனி,

எல்லாரும் சௌக்கியம். அக்காவுக்கு முட்டி வலி கொறஞ்சிடுச்சி, வாய் கொறையல.

எலுமிச்சம்பழம்னு படிச்சதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிடுச்சி. நான் அப்பவே சொன்னேன்ல? நெஜப் பழம் இல்லன்னு வேற எழுதற. நெஜமா இருந்தாலாவது தூக்கிக் கடல்ல போட்டுட்டு தல முழுவலாம். மனசுக்குள்ள வச்சத எங்கேருந்து எடுக்கறது? லெட்டர அக்காவுக்குப் படிச்சிக் காட்டுனது என் தப்பு. மறுநாளே பஸ் ஏறி திருவதிகைக்குப் போயி வேண்டிக்கிட்டு விபூதி வாங்கியாந்துடுச்சி. இதுல மடிச்சி வச்சிருக்கேன். வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி இட்டுக்க. அந்தாளு போட்டதோட ஒன்னுதும் போட்டி போடட்டும்.

வர வேணாம்னு எழுதிட்ட. சரி. எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. அக்காதான் முணுமுணுத்துச்சி. பெத்தவ பாக்க வேணாங்கறாளேன்னு. நான் அதட்டி வச்சிட்டேன்.

மதி நல்லா சாப்புடுறா. அக்காகிட்டதான் படுத்துக்கறா. கிறுக்கல் கீழ. இந்தத் தடவ மீன் புடிக்கற போட்டாம்.

ஒரு சந்தேகம். அந்த வகுப்புல உக்காந்தா எங்களயெல்லாம் மறந்துடுவியா? தமாசுக்குக் கேக்கல.

பாண்டியன்


சிதம்பரம்
ஏப்ரல் 14

அன்பு மாமாவுக்கு,

புது வருஷம் பொறந்திருக்கு, வூட்டுல எல்லாருக்கும் நோய் நொடி இல்லாம இருக்கட்டும். இங்க மெஸ்ல மாங்கா பச்சடி போட்டாங்க. வேப்பம்பூவே தெரியல, வெல்லம் ஜாஸ்தி.

விபூதி வந்துச்சி. இட்டுக்கிட்டுப் போனேன். வைத்திலிங்கம் சார் பாத்துட்டு, "பேஷ், நம்ம கட்சி"ன்னார்.

மறந்துடுவியான்னு கேட்டிருந்தீங்க. மறக்கறதுக்கா மாமா இங்க வந்து கெடக்கேன்? அதெல்லாம் இல்ல. இப்ப சார் புதுசா ஒண்ணு சொல்லித் தந்திருக்கார். ஆழ்நிலையில இருக்கறப்ப கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து அழுத்திப் பழகணும். பழகிட்டா, பரிட்சை ஹால்ல அப்படி அழுத்தினாலே போதும், அந்த அமைதி தானா வந்துடும். வெளியில இடி விழுந்தாலும் காதுல ஏறாதுன்னு சொல்றார்.

எனக்கு நல்லா வருது. மாதிரித் தேர்வுல முழுத் தாளையும் முடிச்சேன். ஒரு வட்டம்கூட விடல. சார் இப்ப வகுப்புல என்னைத்தான் உதாரணம் காட்டறார். "மோனிகாவைப் பாருங்க, முகத்துல ஒரு சலனம் இருக்கா?"ங்கறார். புதுசா சேர்ந்த பொண்ணுங்க பக்கத்துல வந்து நின்னு பாக்குது.

மதி போட்டைப் பாத்தேன். அடியில தண்ணியும் போட்டிருக்கா, கவனிச்சீங்களா? அவ அண்ணியை என்னன்னு கூப்பிடறா? அத்தைன்னுதானே?

மோனிகா


கடலூர்
மே 9

மோனி,

எல்லாரும் நல்லா இருக்கோம். நீயும் நல்லா இருப்பன்னு நம்பறேன். லெட்டரு போட லேட்டாயிடுச்சி. மீன்புடி தடைக்காலம் பாரு, போட்டெல்லாம் கரையில கெடக்குது, எல்லா ஓனருக்கும் இப்பவே எஞ்சின் எறக்கிப் பாக்கணும். மூச்சு விட நேரமில்ல.

மதிக்கு லேசா சளி. இப்ப சரியாப்போச்சி. நீ அதையே நெனச்சிக்கிட்டு இருக்காத.

படி. நல்லாப் படி.

கீழ மதி கிறுக்கியிருக்கா பாரு.

பாண்டியன்


சிதம்பரம்
மே 15

அன்புள்ள மாமா,

லெட்டர் கெடச்சிது. இங்க நான் சொகம். மதிக்கு சளி நல்லா விட்டுடுச்சா? நெஞ்சுல கட்டியிருக்கான்னு பாருங்க. மூச்சு விடறப்ப சத்தம் வந்தா கைவைத்தியம் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.

மதி கிறுக்கினதைப் பாத்தேன். நல்லா போட்டிருக்கா.

அண்ணியை என்னன்னு கூப்பிடறான்னு கேட்டிருந்தேன். வேலையில எழுத மறந்துட்டீங்க போல. பரவால்ல. நீங்க வேளாவேளைக்கு சாப்பிடறீங்களா? கையெழுத்து ஒரு மாதிரியா கோணி இருந்துச்சி.

இங்க வகுப்பு நடக்குது. தெனமும் படி எறங்கறேன். விரலை அழுத்தி அழுத்தி நகத்துக்கிட்ட காய்ச்சிப் போச்சி.

உடனே ஒரு பதில் போடுங்க மாமா. நெறைய எழுத வேண்டாம். ஒரு வரி போதும்.

மோனிகா


சிதம்பரம்
ஜூன் 1

மாமா,

எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னே நெனச்சிக்கறேன். பதில் வரல. தபால்காரர் வர்ற நேரம் வாசல் பக்கம் போயி நிக்கறேன், வார்டன் திட்டறாங்க.

ஆபீஸ்ல போயி ஒரு ஃபோன் பண்ணிக்கட்டுமான்னு கேட்டேன். என்ன அவசரம்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? எனக்கே தெரியலையே. ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன். நெஜம் சொன்னா, நீங்க ஃபோனை எடுத்து என்ன சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் வந்துட்டேன்.

ஹார்பர்ல வேலை ஜாஸ்தியாத்தான் இருக்கும். அப்படித்தான்.

மோனிகா


கடலூர்
ஜூன் 10

மோனிகா,

எல்லாரும் நல்லா இருக்கோமான்னு இனிமே கேக்காத. கேக்கறதுக்கு ஒரு மொறை வேணும்.

ஞாயித்துக்கிழமை நாங்க வந்திருந்தோம். நானும் மதியும் அக்காவும். வர வேணாம்னு சொல்லியிருந்த, இருந்தும் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். வாட்ச்மேன் உள்ள விடல. இந்த ஞாயிறு பார்வை நாள் இல்ல, சார் வகுப்பு வேற நடக்குதுன்னான். சரி, வாசல் கேட்டு பக்கத்துலயே நின்னோம். அங்கேருந்து பாத்தா தகரக் கொட்டாயில நீங்கல்லாம் வரிசையா உக்காந்திருக்கறது தெரியுது. மொத வரிசையில நீ. கண்ண மூடிக்கிட்டு, விரல சேத்து வச்சிக்கிட்டு.

மதி ஒன்னப் பாத்துட்டா. அம்மான்னு கத்துனா பாரு, தெருவே நின்னுப் பாத்துச்சி. அங்க உக்காந்திருந்த அத்தன பேரும் கண்ணத் தொறந்து திரும்பிப் பாத்தாங்க. கல்யாணம் ஆவாத பொண்ணுங்ககூட திரும்புச்சி. நீ திரும்பல. மறுபடி மறுபடி கூப்புட்டா. கம்பியப் புடிச்சி ஆட்டிக்கிட்டு கூப்புட்டா. ஒன் தல இப்படி அப்படி ஆடல.

அப்புறம் எல்லாரும் கை தட்டுனாங்க. என் புள்ள கேட்டு பக்கத்துல நின்னு அழுவுது, அங்க கை தட்டுறாங்க. இன்னா எடம் அது?

அக்கா மதியத் தூக்கிக்கிட்டு விடுவிடுன்னு நடந்துடுச்சி. வர்ற வழியெல்லாம் அம்மாவுக்கு காது கேக்காதான்னு அவ கேட்டுக்கிட்டே வந்தா.

ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். அந்தாளு ஒன்னக் கல்லாக்கிட்டான். இடி விழுந்தாலும் காதுல ஏறாதுன்னு நீதான எழுதுன? புள்ள கூப்புட்டது ஏறுமா? வர்ற ஞாயித்துக்கிழமை ஒங்கண்ணன் அஜய் மச்சானயும் கூட்டிக்கிட்டு வர்றேன். அந்த வைத்திலிங்கம் சட்டையப் புடிச்சி, போட்டத எடுடான்னு கேக்கறேன். எடுக்கலன்னா அந்தக் கொட்டாய் இருக்காது. போலீஸு வந்தாலும் வரட்டும்.

பாண்டியன்


சிதம்பரம்
ஜூன் 12

மாமா,

இந்த லெட்டர் ஞாயித்துக்கிழமைக்குள்ள கைக்கு வந்துடணும்னு ஸ்பீட் போஸ்ட்ல போடறேன். கெஞ்சிக் கேக்கறேன், அண்ணனைக் கூட்டிக்கிட்டு வராதீங்க. அந்த மனுஷன் மேல கையை வைக்காதீங்க. அவர் ஒண்ணும் பண்ணல.

எனக்குக் கேட்டுச்சி.

மொதக் கூப்பாடே கேட்டுச்சி. கம்பி ஆடின சத்தம் கேட்டுச்சி. "மதி, வேணாம்டி"ன்னு அண்ணி சொன்னதுகூட கேட்டுச்சி. எனக்கு ஆழ்நிலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மாமா. மொத நாள்லேருந்தே எனக்கு அது வரல. எச்சில் ஊறல, எல்லாரும் தூக்கினாங்கன்னு நானும் கையத் தூக்கினேன். கை கனக்கல, கனத்த மாதிரி தொங்கவிட்டேன். இன்னிக்கி வரும் நாளைக்கி வரும்னு தெனமும் உக்காந்தேன். நீங்க அங்க பயந்துக்கிட்டு இருந்தீங்க, எனக்கு வரலையேன்னு நான் இங்க அழுதுக்கிட்டு இருந்தேன். நடிச்சி நடிச்சி அசையாம உக்காரப் பழகிட்டேன், அவ்வளவுதான். தமிழ்ச்செல்விக்கு நெஜமாவே பயம் போயிடுச்சி. பிடிக்கறவங்களுக்குப் பிடிக்குது. எனக்குப் பிடிக்கல. சார் என்னைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார், அப்புறம் எப்படிப் போயிச் சொல்றது? மாதிரித் தேர்வு முடிச்சது நெஜம்தான். ஆனா பயந்து நடுங்கிக்கிட்டேதான் முடிச்சேன்.

அன்னிக்கி ஏன் திரும்பலன்னு கேப்பீங்க. நீங்க மே மாசம் போட்ட லெட்டர்ல இருந்த கிறுக்கல் மதி போட்டது இல்ல. கோடு நேரா இருந்துச்சி. அவ போட்டா பேப்பர் கிழியற மாதிரி அழுத்துவா. அது நீங்க போட்டது. என் புள்ளையால பேனா புடிக்க முடியல, அதை மறைக்கறீங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி. என்ன ஏதுன்னு கேக்க தைரியம் வரல. கேட்டா நீங்க சொல்லிடுவீங்க, சொன்னா நான் கெளம்பிடுவேன். அதுக்கப்புறம் பதிலும் இல்ல. கண்ணை மூடினா என்னென்னமோ தோணுது. சோறு எறங்கல. இருக்காளா இல்லையான்னே தெரியாம ஒவ்வொரு நாளும் போயி அந்தப் பொட்டைப் பாத்து உக்காந்தேன்.

அப்ப அவ குரல் வருது மாமா. தொண்டை கிழியற மாதிரி கத்துறா. எம்புள்ள உசுரோட இருக்கா, கத்தறதுக்குத் தெம்பு இருக்குன்னு அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சி. எழுந்து ஓடியிருப்பேன். ஓடினா திரும்பி வந்து இந்த எடத்துல உக்கார மாட்டேன்னும் தெரிஞ்சிது. ஒரு தடவை அவளைத் தூக்கிட்டேன்னா எறக்கி விட என்னால ஆகாது. பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்துட்டேன்.

எல்லாரும் திரும்பினதும் சார் சொல்றார், "பாத்தீங்களா, பெத்த குழந்தை கூப்பிட்டும் அசையலை, இதுதான் ஆழ்நிலை"ன்னு. அதுக்குத்தான் கை தட்டினாங்க. அந்தக் கை தட்டல் முடியற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கிட்டே இருக்க வேண்டியிருந்துச்சி. அவர் என்னைக் கல்லாக்கல மாமா. நானா ஆனேன்.

இனி நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். திட்டி ஒரு லெட்டராவது போடுங்க. மதிக்கு என்ன ஆச்சின்னு மட்டும் எழுதிடுங்க.

மோனிகா


கடலூர்
ஜூலை 5

மோனி,

மதி நல்லா இருக்கா. மொதல்ல அதப் படிச்சிக்க. இப்பகூட பக்கத்துல உக்காந்து மாங்கா தின்னுக்கிட்டு என் முதுகுல கைய தொடச்சிக்கிட்டு இருக்கா. நானும் அக்காவும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேக்கத்தான் எனக்குக் கூச்சமா இருக்குது.

ஒன் லெட்டரு சனிக்கிழமையே வந்துடுச்சி. படிச்சிட்டு மச்சானுக்கு ஃபோன் போட்டு வர வேணாம்னுட்டேன். பதில் எழுத ஒக்காந்தேன், கோவமா வந்துச்சி, கிழிச்சிட்டேன். அடுத்த வாரம் எழுதுனேன், அழுவாச்சியா வந்துச்சி, அதயும் கிழிச்சிட்டேன். கேட்டும் திரும்பலையேங்கறது எனக்கு நெஞ்சுல சுருக்குன்னு குத்திக்கிட்டேதான் இருந்துச்சி. அதுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். வசியமாவே இருந்திருக்கலாமேன்னுகூட நெனச்சேன்.

இப்ப நான் சொல்றேன் கேளு. மே மாசம் மதிக்கு வந்தது சளி இல்ல. ஜொரம் ஏறி, கண்ணு சொருகி, கை காலு வெட்டி இழுத்துடுச்சி. வேல எடத்துக்கு அக்கா ஃபோன் பண்ணி அலறுது. எஞ்சின் ஆயில் கையோட தூக்கிக்கிட்டு ஓடுனேன். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தா. நல்லா இருக்கறப்ப எந்நேரமும் அக்காவத்தான் அம்மா அம்மாங்கறா, அத எப்படி ஒனக்கு எழுதறதுன்னுதான் நீ கேட்டதுக்கு நான் பதில் எழுதல. ஆனா ஜொரத்துல கண்ணத் தொறந்தப்ப அக்காவப் பாத்து, நீ இல்ல, எங்கம்மான்னு கேட்டா. அக்கா வெளிய போயி நின்னு அழுதுச்சி. ஒன் சென்டரு நம்பர எத்தன தடவ போட்டுட்டு ரிங் போறதுக்குள்ள கட் பண்ணேன்னு எனக்குத்தான் தெரியும். கிறுக்கல் நான் போட்டதுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில ஒக்காந்து போட்டேன். நீ கண்டுபுடிப்பன்னு நெனைக்கல.

ஊட்டுக்கு வந்தப்புறமும் ராத்திரியில திடுக்குன்னு எழுந்து ஒன்னத் தேடுறா. அக்கா சொல்லிச்சி, பரிட்சையாவது மண்ணாவது, போயி இட்டுக்கினு வந்துடு பாண்டியான்னு. எனக்கும் அதான் மனசுல. அன்னிக்கி சும்மா பாத்துட்டுப் போவ வரல மோனி. ஒன்னக் கூட்டிட்டு வரத்தான் வந்தேன். ஒன் துணிமணி வைக்கறதுக்கு ஒரு காலிப் பைய மடிச்சி கக்கத்துல வச்சிக்கிட்டு நின்னேன். அப்பன் கூப்புட்டா வர மாட்டா, புள்ள கூப்புட்டா வருவான்னு, அம்மாவ சத்தமா கூப்புடுன்னு நான்தான் அவளக் கிள்ளிவிட்டேன்.

நீ மட்டும் திரும்பியிருந்தன்னா பொறப்படுன்னு சொல்லியிருப்பேன். நீயும் பொறப்பட்டிருப்ப. பஸ்ல மதி ஒன் மடியில தூங்கியிருப்பா. அப்புறம் நீ எறா உரிக்கப் போயிருப்ப, நான் எஞ்சின் பாத்துக்கிட்டிருப்பேன், அந்தப் பரிட்சையப் பத்தி ஆயுசுக்கும் நாம ரெண்டு பேரும் வாயத் தொறந்திருக்க மாட்டோம்.

ஒன் லெட்டர அக்காவுக்குப் படிச்சிக் காட்டுனேன். கேட்டுட்டு எழுந்து போச்சி. மொகத்தக் கழுவிக்கிட்டு வந்து மதிக்கு சோறு பெசஞ்சிச்சி. அப்புறமா, பரிட்சை அன்னிக்கி எத்தன மணி பஸ்ஸுக்குப் போனா சரியா இருக்கும்னு கேட்டுச்சி.

வர்ற சனிக்கிழமை பரிட்சை. பரிட்சை நடக்கற பள்ளிக்கூட வாசல்ல நாங்க மூணு பேரும் நிப்போம். கூப்புடாதன்னு சொல்லித்தான் கூட்டியாருவேன், இருந்தாலும் இவ அடங்க மாட்டா, ஒன் தல தெரிஞ்சா கத்துவா.

கேக்கும் ஒனக்கு. கேக்கட்டும். எழுதி முடிக்கற வரைக்கும் திரும்பாத.

பாண்டியன்